சிலோன் சிஸ்டர்

காலையில் ஏழு மணிக்கு முன்னால் எங்கள் தெருக் கடையில் சில்லறை மாற்ற முடியாது. மதுரைக்கு வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்குக் காசு வேண்டுமே என்று ஒரு நோட்டை நீட்டினேன். கடைக்காரர் தொடக்கூட இல்லை. "அண்ணே, இன்னும் போனியாகல. கைராசியான ஆளு யாராச்சும் வந்து ஒரு சாமான் வாங்கிட்டுப் போகட்டும், அப்புறமா வாங்க" என்றார். சண்டைக்காரர் இல்லை, நல்ல மனிதர்தான். ஆனால் அன்றைக்கு முதல் வியாபாரம் யார் கையால் நடக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் நான் இல்லை. ஓரமாக நின்றேன். ஒரு பெண் வந்து புளி வாங்கினாள். அவள் தந்த காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்ட பிறகுதான் என் நோட்டை வாங்கினார்.

பிள்ளைகளே, அங்கே சிலோன் தேயிலைத் தோட்டத்திலேயே இருந்துவிட்டவர்களுக்கும், எங்களைப் போல் கப்பலேறி வந்துவிட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே காலையில் முதல் கொழுந்தைக் கிள்ளிக் கூடைக்குள் போடும்போது "பொலி, பொலி" என்று சொல்வோம். யார் கை முதல் கை என்று பார்த்ததில்லை. ஒரு வீட்டுப் பிள்ளை புதிதாகப் பேர் பதிந்து வேலைக்கு வந்தால் அன்றைக்கு அதன் தாய் மலையில் நிற்கிற எல்லோருக்கும் கற்கண்டு கொடுப்பாள். பக்கத்து நிரையில் நிற்கிறவர்கள் தங்கள் கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி அந்தப் பிள்ளையின் கூடையில் போடுவார்கள். புது ஆள் என்றால் கை கொடுப்பதற்குத்தான்.

இங்கே புது ஆள் என்றால் முதலில் ஒரு கேள்வி. கப்பலூரில் நூல் மில்லுக்கு வேலை கேட்டுப் போனபோது, "முன் அனுபவம் உண்டா?" என்று கிளார்க் கேட்டார். இருபது வருஷம் கவ்வாத்து வெட்டியிருக்கிறேன், தேயிலைச் செடியை அளவு தப்பாமல் வெட்டி விடுகிற வேலை என்று விளக்கினேன். அவர் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "மாப்ள, நம்ம மில்லுல இனிமே தேயிலையில நூல் எடுக்கப் போறோம்டா." பிறகு என் பெயருக்கு எதிரே "அனுபவம் இல்லை" என்று எழுதினார். இருபது வருஷத்தை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஞ்சு மூட்டை தூக்கப் போனேன்.

என் காலம் அப்படிப் போகட்டும். மூத்தவள் தவமணியின் காலம் அப்படிப் போகக்கூடாது என்றுதான் அவளை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினோம். கப்பலேறும்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கரை இறங்கும்வரை வாந்தி எடுத்துக்கொண்டே வந்த பிள்ளை, இங்கே பள்ளிக்கூடம் முடித்து, மூன்று வருஷம் ஆஸ்பத்திரியிலேயே தங்கிப் பயிற்சியும் முடித்தாள். பிரசவம் பார்த்தாள், கட்டுப் போட்டாள், செத்தவர்களைத் துடைத்து அனுப்பினாள். அதெல்லாம் படிப்பில் சேருமாம், அனுபவத்தில் சேராதாம். அரசாங்க வேலைக்கு எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்து வைத்தோம். முறை வரும்போது கார்டு வரும் என்றார்கள். அதுவரை என்ன செய்வது? வெள்ளைச் சேலையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டிக்கொண்டு நர்சிங் ஹோம் நர்சிங் ஹோமாக ஏறி இறங்கினாள். ஒரு நாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"வேலை குடுத்தாத்தானே அனுபவம் வரும்னு கேட்டுட்டேன்ப்பா."

"என்னா சொன்னாங்க?"

"வேற எங்கயாவது வாங்கிட்டு வாம்மான்னாக."

"எங்க விக்கிறாங்கன்னு கேக்க வேண்டியதுதானே" என்றாள் என் மனைவி பாக்கியம், முறத்திலிருந்து தலையை எடுக்காமல்.

கடைசியில் தல்லாகுளத்தில் ஒரு நர்சிங் ஹோமில் வரச் சொன்னார்கள். டாக்டரம்மா அதிகம் கேட்கவில்லை. அங்கே வேலை பார்த்த மற்றப் பெண்கள் எவரும் நர்சுக்குப் படித்தவர்கள் இல்லை. கூட்டிப் பெருக்க வந்து, பார்த்துப் பார்த்தே ஊசி போடப் பழகியவர்கள். அவர்களைக் கேள்வி கேட்பார் இல்லை. ஊசி போடக் கற்றுக்கொண்ட அன்றே அவர்களுக்கு அனுபவமும் வந்துவிட்டது போலும்.

முதல் நாள் மத்தியானம் நானும் பாக்கியமும் சோறு எடுத்துக்கொண்டு போனோம். வராந்தாவில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அழகர்கோவில் பக்கத்துக்காரர்கள், மருமகளைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மாமியார்க்காரி பெரிய சிஸ்டரிடம், "புதுசா ஒரு புள்ள உள்ள போகுதே, அது யாரு? கைராசி எப்படி?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பெரிய சிஸ்டர் கொஞ்சமும் யோசிக்காமல், "அது சிலோன்ல அஞ்சு வருஷம் பிரசவம் பார்த்த பொண்ணுத்தா. கவலைப்படாதீக" என்றார். அந்த அம்மாளின் முகம் தெளிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு அவர்கள் பக்கம் போய்விட்டாள். பெரிய சிஸ்டர் சொன்னது அவள் காதில் விழவில்லை. ஆளுக்கு ஒரு துண்டு கற்கண்டைக் கையில் வைத்தாள்.

"எடுத்துக்கோங்கம்மா. எம் மகளுக்கு இன்னைக்குத்தான் மொத வேலை. ஒங்க மருமகதான் மொத ஆளு. ஆசீர்வாதம் பண்ணுங்க."

கற்கண்டு அந்த அம்மாளின் உள்ளங்கையிலேயே இருந்தது. அவள் பாக்கியத்தைப் பார்த்தாள், பிறகு பெரிய சிஸ்டரைப் பார்த்தாள்.

"ஓகோ. எங்க வீட்டுப் புள்ளைய வச்சுத்தான் ஒங்க மவ போனி பண்ணப் போறாகளாக்கும்?"

"அப்படி இல்லத்தா..." என்று பெரிய சிஸ்டர் தொடங்கினார்.

"எப்படி இல்ல? இம்புட்டு நேரம் சிலோன்னு சொன்னீக. பெத்தவ வந்து இன்னைக்குத்தான் மொதன்னு இனிப்புக் குடுக்குறா. எங்க புள்ளையத் தொட வேணாம்னு சொல்லுங்க. பழைய ஆளு வரட்டும்."

பழைய ஆள் வந்தாள், படிக்காத ஆள். பிரசவம் நல்லபடி முடிந்தது. டாக்டரம்மா தவமணியைக் கூப்பிட்டு நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "உன் வேலையில குறை இல்லம்மா. ஒரு தடவை பேர் கெட்டுட்டா ஜனங்க படியேற மாட்டாங்க" என்றார். ஒரு நாள்கூட முடியாத வேலையில் என்ன பேர் கெட்டது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பஸ்ஸில் பாக்கியம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். நல்லது செய்யப் போய்க் கெட்டது செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் எது கெட்டது என்று தெரியவில்லை. எங்கள் மலையில் செய்ததைத்தான் செய்தாள். தவமணி அவள் தோளைத் தொட்டு, "மிச்சத்தைக் குடும்மா, பசிக்குது" என்று கற்கண்டை வாங்கிக் கடித்துத் தின்றாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே வந்தது.

அடுத்த வாரம், எங்களிடம் சொல்லாமல், ஊரின் இன்னொரு கோடியில் இருக்கிற ஒரு நர்சிங் ஹோமுக்குத் தனியாகப் போனாள். வேலையோடு திரும்பி வந்தாள்.

"முன் அனுபவம் கேக்கலையா?" என்றேன்.

"கேட்டாக. சிலோன்ல நாலு வருஷம்னு சொன்னேன்."

"சர்டிபிகேட்டு?"

"இங்க படிச்ச சர்டிபிகேட்டத்தான் குடுத்தேன். ஒரு பார்வை பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாக. சிலோன் ஆஸ்பத்திரியப் பத்தித்தான் ஆசையாக் கேட்டாக."

பன்னிரண்டு வயதில் கப்பலேறிய பிள்ளை அங்கே நாலு வருஷம் நர்சு வேலை பார்த்திருக்கிறாள். வயதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் அந்த மலையில் நிஜமாக வெட்டிய இருபது வருஷம் இந்த ஊரில் செல்லவில்லை. என் மகள் வாழாத நாலு வருஷம் செல்லுபடியாகிவிட்டது. பொய் சொல்லாதே என்று சொல்லித்தான் அவளை வளர்த்தேன். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளே, உங்களுக்கும் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் உண்மை சொன்ன வீட்டுக்கு இந்த ஊர் என்ன கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அதுவும் ஒரு பொய்தான்.

இப்போது அவளை எல்லோரும் சிலோன் சிஸ்டர் என்கிறார்கள். கைராசிக்காரி என்று பேர். அவள் கையால்தான் ஊசி போட வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். சிலோன்காரன் என்பதால் எனக்கு வீடு வாடகைக்குத் தர மறுத்த தெருவிலிருந்துகூட வருகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த சில நாளில் ஒரு சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, அங்க ஆஸ்பத்திரி எப்படி இருக்கும்னு நோயாளிக எல்லாம் கேக்குறாக. எனக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே போன ஞாபகம் இல்ல. சொல்லுங்க, அப்படியே சொல்லிக்கிறேன்."

எங்கள் தோட்டத்தில் இருந்தது ஒரு மருந்து அறை. எல்லா நோய்க்கும் ஒரே சிவப்புத் தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார்கள். முடியாதவர்களைக் கம்பளியில் போட்டுக் கீழே டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போவோம். சிலர் வழியிலேயே போய்விடுவார்கள். இதையா சொல்வது? நான் வேறு ஆஸ்பத்திரி சொன்னேன். இரண்டு பெரிய வார்டு, வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்கள், வாசலில் பூச்சட்டி. வாசல்வரைக்கும் கார் வர ரோடு போட்டேன். உண்மை சொல்லி வேலையைப் போக்கியவள் என்று தன்னையே நொந்துகொண்டிருந்த பாக்கியமும் அடுப்படியிலிருந்து, "பெத்தவளுக்கெல்லாம் பால் டின்னு குடுப்பாங்கன்னு சொல்லு" என்று சேர்த்துக் கொடுத்தாள். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு ஃபேன் ஓடும் என்றேன்.

தவமணி நிமிர்ந்து பார்த்தாள். "குளுருற ஊர்ல ஃபேன் எதுக்குப்பா?"

 தோட்டத்து லயத்து அறையில் அடுப்பை அணைக்காமல், கம்பளிக்குள் சுருண்டு கிடந்த உடம்பு இது. அந்தக் குளிரை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. அவள் சிரித்தாள். "இருக்கட்டும்ப்பா. ஃபேன் இல்லாட்டி இங்க உள்ளவுக பெரிய ஆஸ்பத்திரின்னு நம்ப மாட்டாக."

அதனால் அது இருக்கிறது. அந்த மலையில், மூடுபனிக்குள், யாருமே படுக்காத கட்டில்களுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது.