கயிறு சாய்ந்தால்

கிரேனில் பாரம் கட்டும் தொழிலாளர்களுக்கு வெக்டர், அதாவது விசையின் திசைக் கணக்கு, சொல்லிக்கொடுப்பது என் வேலை. படித்ததைச் செய்யவிடாத இடத்துக்கே ஆட்களைத் தயார்செய்து அனுப்பும் வாத்தியார்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்காவது புரியும்.

நடுவில் ஒரு மூட்டை

வெக்டர் என்று ஆரம்பித்தாலே பாதி வகுப்பு ஜன்னலைப் பார்க்கும். அதனால் ஒரு கயிற்றின் நடுவில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்வேன். அன்றைக்குப் பிடித்தவர்களில் ஒருவர் சின்னதுரை. ராமநாதபுரத்துக்காரர், கடல் தாண்டி இங்கே கட்டுமான வேலைக்கு வந்தவர். இருவரும் பக்கம்பக்கமாக நின்றபோது சிரித்தார். விலகி விலகி நிற்கச் சொன்னேன். கயிறு படுக்கப் படுக்க அவர் முகம் மாறியது.

கயிற்றின் இழுவையை இரண்டு கூறாகப் பிரித்துப் பலகையில் வரைந்தேன். நிமிர்ந்த கூறுதான் மூட்டையைத் தூக்குகிறது. படுத்த கூறு எதையும் தூக்காது, கயிற்றைத்தான் வதைக்கும். தரையிலிருந்து அறுபது டிகிரியில் படுத்த கூறு சின்னது. முப்பதுக்குச் சரிந்தால் நிமிர்ந்ததைவிடப் பெரிது. சின்னதுரை உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "மூட்டை கனம் கூடலை மேடம், நாங்க தள்ளி நின்னதுதான் கனம்."

தேக்காவில் ஒரு ஞாயிறு

சில மாதம் கழித்து, சர்ச்சில் பூசை முடிந்து, தமிழர்கள் கூடும் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்க நின்றேன். சின்னதுரை வந்து வணக்கம் சொன்னார். ஆள் இளைத்திருந்தார். அவருடைய சைட்டில் இருப்பதெல்லாம் குட்டைக் கயிறுகளாம். அகலமான இரும்புச் சட்டத்தை அதில் கட்டினால் கயிறு ஏறக்குறைய படுத்தேவிடுகிறதாம். நீளக் கயிறு கேட்டதற்கு சூப்பர்வைசர், "கிளாஸ் கதையெல்லாம் கிளாஸ்லயே விட்டுட்டு வா லா" என்று இந்த ஊர்ப் பாணியில் விரட்டினாராம்.

புகார் கொடுக்கலாமே, நானே பேசுகிறேன் என்றேன். சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் மேடம், வேலை பெர்மிட்டை வெட்டிட்டா தங்கச்சி கல்யாணம் நின்னுடும்."

சாங்கியிலிருந்து ஒரு அழைப்பு

அடுத்து அவர் குரலைக் கேட்டது போனில். சாங்கி விமான நிலையத்தில் இருந்தார். முந்தின வாரம் அதே சட்டத்தைக் குட்டைக் கயிற்றில் தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். கீழே ஆட்கள் நின்றிருக்கிறார்கள். கிரேன்காரருக்குக் கை காட்ட வேண்டியவர் இவர். காட்டவில்லை. சூப்பர்வைசர் எவ்வளவு கத்தியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். வேலை நின்றது, மேலிடம் வந்து பார்த்தது, மறுநாளே நீளக் கயிறு வந்தது. சொன்ன பேச்சைக் கேட்காதவர் என்று இவருடைய பெர்மிட்டையும் ரத்து செய்து ஊருக்கு அனுப்புகிறார்களாம்.

எங்கே முறையிடலாம் என்று நான் படபடத்துக்கொண்டிருந்தேன். விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றார். பிறகு என்னைத் தேற்றுவதுபோல் மெதுவாகச் சொன்னார்: "நேத்து அந்தச் சட்டத்தைத் தூக்கினாங்களாம் மேடம், கயிறு நல்லா நிமிர்ந்து நின்னுச்சுன்னு பசங்க சொன்னாங்க."

மறுநாளும் அதே பாடத்தைத்தான் எடுத்தேன். "நல்லாப் புரிஞ்சுக்குங்க" என்று முடிவில் வழக்கமாகச் சொல்லும் வரியை மட்டும் தாண்டிவிட்டு, மூட்டையை அவிழ்க்கப் போனேன்.