ஆப்பிரிக்கக் காட்டுக்கு நான் எடுத்துவைத்த மண் நிறத் துணிகள்

போன ஜூலையில் நானும் என் மனைவி கஸ்தூரியும் போட்ஸ்வானா நாட்டுக் காட்டுக்குப் போய் வந்தோம். திரும்பி வந்து நாலு மாதம் ஆகிறது. எழுத உட்காருவேன், இரண்டு வரி ஓடும், எழுந்து போய்விடுவேன். சஃபாரிக்கு என்ன துணி எடுத்துப் போவது என்று மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். மிருகப் படம் பார்க்க வந்தவர்கள் மன்னிக்கவும், இது துணியைப் பற்றிய பதிவு. அதிலும் நான் செய்த தப்பைப் பற்றிய பதிவு.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருபத்தேழு வருஷமாக ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஆள் படியேறும்போதே இடுப்பளவு சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. கஸ்தூரி என் தாய்மாமன் மகள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் ஆகியும் என்னை 'மாமா' என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குக் கண்ணுக்குள்ளே இருக்கும் திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது. முதலில் இருட்டில் தெரியவில்லை என்றாள். அப்புறம் பக்கத்தில் வருகிற ஆள் மேல் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். சென்னையில் காட்டியபோது டாக்டர் முதலில் கேட்டது, "உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டிக்கிட்டாங்களா?" ஆமாம் என்றோம். மருந்து கிடையாது, ரெண்டு வருஷம் ஓடலாம், அதுக்கு மேலே நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் கேட்டேன். "உனக்கு இன்னா பாக்கணும்னு ஆசை? காசிக்குப் போலாமா?"

"சாமிய கண்ண மூடிக்கினே கும்புட்டுக்கலாம் மாமா," என்றாள். "எனுக்கு சிங்கம் பாக்கணும். கூண்டுல கீறது இல்ல. காட்டுல அதும்பாட்டுக்குத் திரிஞ்சிக்கினு கீதே, அது."

டிவியில் மிருகங்கள் காட்டுகிற சேனல் ஓடினால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். சரி என்று ஏற்பாடு செய்தேன். ஆளுக்கு ஐந்தரை லட்சம், விமானம், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து. ஊரில் பாதிப் பேர் எனக்குப் பைத்தியம் என்றார்கள். மீதிப் பேர் என் முகத்துக்கு எதிரே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது துணி. இணையத்தில் சஃபாரி துணிப் பட்டியல் பதினாலு படித்தேன். எல்லாம் ஒரே பாட்டுத்தான். காக்கி, பழுப்பு, சாம்பல், மங்கின பச்சை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை கூடாது. கறுப்பும் கருநீலமும் கடிக்கிற ஈயை இழுக்கும். ராணுவ உடை மாதிரி புள்ளி போட்டது அங்கே சில நாடுகளில் சட்டப்படி குற்றம். நம்ம தொழிலாயிற்றே என்று நான் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். மொத்த வியாபாரியிடம் சொல்லி எனக்கு இரண்டு காக்கி பேன்ட், மூன்று பழுப்புச் சட்டை வாங்கினேன். கஸ்தூரி பேன்ட் போட மாட்டாள். புடவையோடு ஜீப்பில் ஏற முடியாது. அதனால் அவளுக்கு மூன்று செட் சுடிதார் தைத்தோம். ஏரி வற்றினால் அடியில் கிடக்குமே, அந்த மண்ணின் நிறம். எல்லாவற்றுக்கும் சேர்த்து 6,840 ரூபாய்.

கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் கட்டில் மேல் எல்லாவற்றையும் பரப்பினேன். கஸ்தூரி ஒவ்வொன்றாகக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். துணிக்கடைக்காரன் பெண்டாட்டி, தரம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னா மாமா, எல்லாம் ஒரே கலரா கீது?"

"காட்டுக்கு இதான் போடணும். இல்லன்னா மிருகம் மெரளும்."

"நான் இதையே போட்டுக்கிறேன். நீயாச்சும் வூட்ல போடுற அந்த மஞ்ச சட்டைய எடுத்துக்கோயேன்."

"எதுக்கு? சிங்கத்த வெத்தல பாக்கு வெச்சி அழைக்கவா?"

அவளும் சிரித்தாள். சரி வுடு என்றாள். பிறகு பையின் ஜிப்பை மூடும்போது பார்த்தால், அடியில் அந்த மஞ்சள் சட்டை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவள்தான் வைத்திருந்தாள். நான் அதை எடுத்துப் பீரோவில் போட்டேன். ஏன் வைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு வாடகைக் கார், 2,800 ரூபாய். செங்கல்பட்டு வழியாக நாலே காலுக்கு மீனம்பாக்கம். "அண்ணே, ரெண்டு பேரும் இன்னா ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட்டா?" என்று டிரைவர் கேட்டார். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. துபாய்க்கு நாலே கால் மணி நேரம், அங்கே நாலு மணி நேரக் காத்திருப்பு, ஜோகன்னஸ்பர்குக்கு எட்டு மணி நேரம். அங்கே ஓர் இரவு தங்கி, காலையில் மவுன் என்ற ஊருக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். அங்கிருந்து நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி நெருக்கி உட்காருகிற குட்டி விமானம், இருபத்தைந்து நிமிடம். அதில் ஆளுக்கு இருபது கிலோதான், சக்கரம் இல்லாத மெத்துப் பையாக இருக்க வேண்டும். எங்கள் இரண்டு பையும் சேர்த்து இருபத்தெட்டு கிலோ. இன்னும் பன்னிரண்டு கிலோவுக்கு இடம் இருந்தது. ஒரு மஞ்சள் சட்டை கால் கிலோகூட வராது.

முகாமில் எங்களையும் சேர்த்து எட்டு விருந்தாளிகள். எல்லோரும் கூடாரத்தில்தான் தங்க வேண்டும். வழிகாட்டியின் பெயர் கபோ, நாற்பது வயது இருக்கும். என் அரைகுறை ஆங்கிலத்துக்காக நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ஐந்தரைக்கு எழுப்புவார்கள், ஆறே காலுக்கு ஜீப் கிளம்பும், பத்தரைக்குத் திரும்பும். மறுபடி மாலை நாலு முதல் ஏழு வரை. நடுவில் வெயில் பளிச்சென்று அடிக்கிற நேரம் முழுக்கக் கூடாரத்தில் தூக்கம். விடிந்தும் விடியாத நேரத்திலும் பொழுது சாயும்போதும் கஸ்தூரிக்கு மருந்துக்குக்கூட ஒன்றும் தெரியாது. பதினாலு பட்டியல் படித்தவனுக்கு இது உறைக்கவில்லை.

முதல் நாள் காலை ஏழு டிகிரி. திறந்த ஜீப்பில் காற்று எலும்பில் குத்தியது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைக்கிற நம் ஆட்களுக்குச் சொல்கிறேன், ஜூலையில் அங்கே குளிர்காலம். சென்னை நடைபாதையில் வாங்கிய இரண்டு ஸ்வெட்டர்தான் எங்களைக் காப்பாற்றியது. நான் சரியாக எடுத்துப் போன துணி அது ஒன்றுதான். கபோ கையை நீட்டுவார், ஒட்டகச்சிவிங்கி, யானை, மான் கூட்டம். "பாத்தியா?" என்பேன். "பாத்தேன் மாமா," என்பாள். நான் திரும்பின பிறகு ஒரு நொடி கழித்து அவள் தலை அந்தப் பக்கம் திரும்பும். இரண்டு நாள் இப்படியே போனது. அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாடு முடிந்து, மரத்தடியில் நின்று ஒரு பறவையைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரி சாப்பாட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். பத்தடி தூரத்தில் நான் நிற்கிறேன், நேராக என்னைப் பார்த்தாள். சிரித்தேன். அவள் பார்வை என்னைத் தாண்டிப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஒரு ஜெர்மன்காரரிடம் போய், அவருடைய காக்கிச் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "கண்ணு கூசுது மாமா. ரூமுக்குக் கூட்டினு போ."

அந்த மனுஷன் கையை உதறவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். நான் ஓடிப்போய் அவள் கையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன். கூடாரத்துக்குக் கூட்டிப் போய்க் கட்டிலில் உட்கார வைத்தேன்.

"எப்பத்துலர்ந்து?" என்று கேட்டேன்.

"தை மாசத்துலர்ந்து."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ டிக்கெட்ட கேன்சல் பண்ணியிருப்ப." கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னாள். "கடையில வெள்ள சட்ட போடுவ, வூட்ல மஞ்ச சட்ட போடுவ. அத வெச்சி நீ எங்க கீறன்னு தெரிஞ்சிக்கினு இருந்தேன். இங்க வந்தா மண்ணு, புல்லு, மரம், மிருகம் எல்லாம் ஒரே கலரு. நீயும் அதுல ஒண்ணா பூட்ட."

"சிங்கம், யானை?"

"ரெண்டு நாளா ஒண்ணுமே தெரில மாமா."

நான் அழுதேன். ஆயிரக்கணக்கான பேருக்கு எது பொருந்தும் என்று எடுத்துப் போட்டுக் காட்டின கை, வீட்டுக்காரிக்கு ஒன்றைக்கூட உருப்படியாக எடுத்து வைக்கவில்லை. அதைவிட, ஏழு மாதம் பக்கத்தில் படுத்து எழுந்தவனுக்கு அவளுடைய கண் போனது தெரியவில்லை.

கபோவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் என் சட்டையையும் பேன்ட்டையும் பார்த்துவிட்டு, இதெல்லாம் யார் சொன்னது என்று கேட்டார். காட்டுக்குள் நடந்து போகிறவர்களுக்குத்தான் மங்கின நிறம் முக்கியமாம். ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறவர்களை மிருகம் தனித்தனி ஆளாகப் பார்ப்பதில்லை, ஜீப்பை ஒரே உருப்படியாகத்தான் பார்க்கிறது, சத்தம் போடாமல் எழுந்து நிற்காமல் இருந்தால் போதும் என்றார். நாங்கள் ஒருநாள்கூட நடக்கவில்லை. எங்களுக்குப் பொருந்தாத சட்டத்துக்காக நான் அவளைக் குருடியாக்கி உட்கார வைத்திருந்தேன்.

முகாமில் இருந்த சின்னக் கடையில் தேடினேன், அங்கேயும் எல்லாம் காக்கிதான். கடைசியில் கபோ ஜீப்பின் டூல் பாக்ஸிலிருந்து, சாலை வேலை செய்கிறவர்கள் போடும் ஆரஞ்சு நிற மேலங்கியை எடுத்துக் கொடுத்தார். டீசல் நாற்றம் அடித்தது. போட்டுக்கொண்டு போய் எதிரில் நின்றேன். "ஆங், வந்துட்ட," என்றாள். ஊர் திரும்பும் வரை நான் அதைக் கழற்றவில்லை.

மறுநாள், அதுதான் கடைசி முழு நாள், கபோ தன் ஓய்வு நேரத்தில் எங்கள் இரண்டு பேரை மட்டும் நல்ல வெயிலில் கூட்டிப் போனார். பன்னிரண்டரை மணிக்கு ஒரு சிங்கம் கிடைத்தது, பதினைந்து மீட்டர் தூரத்தில். ஆனால் உச்சி வெயிலில் சிங்கம் எங்கே இருக்கும்? புதர் நிழலுக்குள் படுத்திருந்தது. நிழல் என்றால் அவளுக்கு இருட்டுத்தான். கபோ மூன்று தடவை ஜீப்பை நகர்த்தி நிறுத்திப் பார்த்தார். நான் அவள் மோவாயைப் பிடித்துத் திருப்பி, இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் இடது என்றேன். இருபது நிமிடம். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது, இமைக்காமல் பார்த்ததால்.

"வுட்டுடு மாமா," என்றாள். "இன்னா பண்ணுதுன்னு நீ சொல்லு. நான் கேட்டுக்கிறேன்."

சொன்னேன். கால் மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இனி, கேட்டவர்களுக்குப் பதில். மூன்று செட் துணி போதும். முகாமில் தினமும் துவைத்துத் தருகிறார்கள், உள்ளாடையை மட்டும் நாமே துவைத்துக்கொள்ள வேண்டும். ஸ்வெட்டர், கம்பளிக் குல்லா, கையுறை கட்டாயம். ராணுவப் புள்ளி வேண்டாம், அதில் விளையாடாதீர்கள். நடை சஃபாரி என்றால் மட்டும் மண் நிறத்துக்கு அலையுங்கள். ஜீப் என்றால் வீட்டில் இருப்பதே போதும், ஒரு ரூபாய் செலவு செய்யாதீர்கள். பார்வை குறைந்தவரைக் கூட்டிப் போவதாக இருந்தால், பணம் கட்டும் முன்பே வெயில் நேரத்தில் வண்டி எடுப்பார்களா என்று எழுதிக் கேளுங்கள். அடிக்கிற நிறத்தில் சட்டை போட வேண்டியது அவர் இல்லை, நீங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சட்டையைக் கொடியில் போட்டு, பத்தடி தள்ளி நிற்க வைத்து, இது என்ன கலர் என்று அவரைக் கேளுங்கள். கேட்கப் பயமாக இருக்கும். கேளுங்கள். டாக்டரும் பிறகு சொல்லிவிட்டார், தை மாதமே கூட்டி வந்திருந்தால் எந்த வெளிச்சத்தில் எதைக் காட்டலாம் என்றாவது சொல்லியிருப்பேன் என்று. இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிகிறது.

போன வாரம் கடைக்கு வந்த ஒரு டீச்சரம்மா, "ஆப்பிரிக்கா போனீங்களாமே, சிங்கத்தப் பாத்தீங்களா?" என்று கல்லாவில் உட்கார்ந்திருந்த கஸ்தூரியைக் கேட்டார்.

"பாத்தேனே," என்றாள். "நல்லா படுத்து தூங்கிக்கினு இருந்திச்சி. ஜீப்பு நின்னதும் மெள்ள தலையத் தூக்கிச்சி. மூணு பேரு இருந்தும் என்னையேதான் பாத்திச்சி. இல்ல மாமா?"

என் குரல் கடைசியாகக் கேட்ட பக்கம் திரும்பித்தான் கேட்டாள். நான் அதற்குள் அலமாரிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தேன். ஆமாம் என்றேன்.

அந்தச் சிங்கம் தலையைத் தூக்கவே இல்லை. நாங்கள் கிளம்பும் வரைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியது. தலையைத் தூக்கியது, அவளைப் பார்த்தது எல்லாம் ஜீப்பில் நான் கதை கட்டிச் சொன்னது.