முன்வரிசைக் கதிரை

அன்றைக்கு என் மகள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டுத் தானத்துக்குப் போய், முன்னால் போட்டிருக்கும் கதிரையில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"பன்னிரண்டு மணிக்கு டியூட்டி முடிஞ்சதும் நேரா அங்க வந்துருவேன்ப்பா. அதுவரைக்கும் நீங்க முன்னால உட்கார்ந்திருந்தா போதும். ஒண்ணும் பேச வேணாம்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "முன்னால," என்று மறுபடியும் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

நாங்கள் இரத்தினபுரி டவுனுக்குச் சற்று மேலே உள்ள அந்த லேனுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மகள் டாக்டர். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். சுற்றிலும் மாணிக்க வியாபாரிகளின் வீடுகள். ஒவ்வொரு கேட்டும் எங்கள் தோட்டத்து ஸ்டோர்க் கதவைவிட உயரம். நான் தெஹியோவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் பால் வெட்டியவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மனைவி இறந்த பிறகு லயத்து வரிசை வீட்டில் தனியாக இருந்த என்னை, "நீங்க அங்க இருந்தா எனக்கு இங்க வேலை ஓடாது" என்று மகள்தான் அழைத்து வந்தாள்.

பழக்கத்தில் விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிடும். வெட்டுவதற்கு மரம் இல்லை. ஆகவே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் எங்கள் கேட்டுக்கு வெளியே கூட்டுவேன். கூட்டுகிற கை பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துக் கூட்டிவிடும். ஒருநாள், காலையில் நடக்கப் போகும் ஒரு பெரியவர் என் அருகில் நின்றார்.

"டொக்டர் மிஸ் சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவாங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன்.

"உனக்கு இன்னொரு வீட்டிலும் கூட்ட நேரம் இருக்குமா?"

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். தெஹியோவிட்டக் கடைத்தெருவில் சிங்களம் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஆனாலும் 'நான் அவளுடைய அப்பா' என்று சொல்லவில்லை. "பார்க்கலாம் மாத்தயா" என்று சொல்லிவிட்டேன். மகள் மாடியில் நின்று அதைக் கேட்டிருக்கிறாள். அவள் கோபப்படவில்லை. இரவு சாப்பிடும்போது, சோற்றைப் பார்த்தபடி, "இந்த லேன்ல எங்கப்பா யாருன்னு எல்லாருக்கும் தெரியணும்" என்றாள்.

அப்படி இருக்கும்போதுதான் தானத்துக்கு அழைப்பு வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவின் மாமியார் இறந்து ஒரு வருடம். பிக்குமார் வந்து உணவு ஏற்றுப் போனதும் லேனில் உள்ளவர்களுக்குப் பகல் சாப்பாடு. அந்த அம்மாவை எல்லோரையும் போல நானும் நோனா என்றுதான் சொல்வேன். அதுவரை நான் அவரைப் பார்த்தது கறுப்புக் கண்ணாடி போட்ட வாகனத்துக்குள் ஒரு நிழலாகத்தான். அவர் அழைக்க வந்தபோது நான் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா கட்டாயம் வருவார்" என்று மகள் சொல்வது கேட்டது. நோனா போகும்வரை கொடியில் தொங்கிய படுக்கை விரிப்புக்குப் பின்னால் நின்றேன்.

தானத்தன்று வெள்ளைச் சாரம், மகள் வாங்கித் தந்த வெள்ளைச் சட்டை. நெற்றியில் கொஞ்சம் திருநீறு. பத்து மணிக்கு அந்தக் கேட்டின் முன் நின்றேன். உள்ளே பந்தல். கதிரைகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்தி முதுகில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கதிரை எனக்கு? உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது? என்ன தொழில் என்று கேட்டால்? மதிலோரமாக ஒரு சிமெந்து வழி குசினிப் பக்கம் போனது. அங்கிருந்து வெங்காயம் தாளிக்கும் வாசம் வந்தது.

எங்கள் லயங்களில் நல்லதானாலும் கெட்டதானாலும் வேண்டியவன் முன்னால் உட்காரமாட்டான். நேரே அடுப்படிக்குப் போவான். தண்ணீர் தூக்குவான், விறகு பிளப்பான். சும்மா உட்கார்ந்திருந்தால், "என்ன, மொறப்பா?" என்று கேட்பார்கள். வீட்டுக்காரரோடு மனத்தாங்கல் உள்ளவனும் வெளியூர்க்காரனும்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதோடு, பெரிய வீடு என்றால் பின்வாசல் என்பது என் காலுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இந்த இரண்டில் எது என்னைத் திருப்பியது என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஐந்து நிமிடம் கை கொடுத்துவிட்டு முன்னால் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டு, செருப்பைப் பின்வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு அம்மா தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தார். என் திருநீற்றைப் பார்த்ததும் தமிழில் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்கண்ணே, வாங்க. ஒதவிக்கு ரெண்டு பேர அனுப்புறேன்னு சொன்னாங்க. ஒருத்தருதான் வந்திருக்கீங்க. தேங்கா துருவத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப உக்காருங்க. இருபது தேங்கா கெடக்கு. எனக்கென்ன பத்துக் கையா இருக்கு?"

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துருவியில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து இருந்த பயம் முதல் தேங்காயிலேயே போய்விட்டது.

அவர் பெல்மதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அந்த வீட்டில் ஒன்பது வருடமாகச் சமைக்கிறாராம். கை ஓடுவதைவிட வாய் வேகமாக ஓடியது.

"புதுச் சட்ட போட்டுக்கிட்டு தேங்கா துருவ வந்த ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். மாப்பிள்ள மாதிரியில்ல வந்திருக்கீங்க! எந்தத் தோட்டம்ணே?"

"தெஹியோவிட்ட பக்கம்."

"பால் வெட்டா? அதான் கை இப்பிடிப் போவுது." பருப்பைக் கிண்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "பக்கத்து வூட்டுல ஒரு டாக்டரம்மா வந்திருக்காங்க, தெரியுமா? நம்ம தோட்டத்துப் புள்ளையாம்ணே. அவங்க அப்பா இன்னைக்கு வாராராம். முன்வரிசையில, பெரிய ஆளுங்களுக்கு நடுவுல, நோனா அவருக்கின்னு ஒரு கதிரை வச்சிருக்கு. ஒரு தோட்டத்து மனுசன் அங்க உக்காந்திருக்கிறத நான் இந்தக் கண்ணால பாக்கணும்ணே."

என் கை நின்றுவிட்டது.

"என்னண்ணே, வெட்டிக்கிட்டீங்களா?"

"இல்ல."

அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். பன்னிரண்டாவது தேங்காயில் சொன்னால், ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை என்று கேட்பார். பதினெட்டாவது தேங்காய்க்கு வந்தபோது, யாருக்கும் தெரியாமல் எப்படி அந்தக் கதிரைக்குப் போய்ச் சேருவது என்ற யோசனை மட்டும்தான் மிச்சம். முன்னால் பிக்குமார் பிரித் ஓதுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஒருமுறை நோனாவே குசினி வாசலுக்கு வந்தார். "டொக்டரின் அப்பாவை இன்னும் காணோம். கதிரை சும்மா கிடக்கிறது" என்று சமையல்கார அம்மாவிடம் சிங்களத்தில் கவலைப்பட்டார். என்னைப் பார்த்து, "நன்றாகத் துருவுகிறீர்கள்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிக்குமார் போன பிறகு முன்னால் சாப்பாடு தொடங்கியது. சமையல்கார அம்மா பெரிய தட்டு நிறைய வாழைப்பழத்தை வைத்து என் கையில் கொடுத்தார். "இத மட்டும் முன்னுக்கு மேசையில வச்சிட்டு வந்துருங்கண்ணே. என்னால அடுப்ப விட்டு நகர முடியாது."

எனக்கு அதுவே வழியாகத் தெரிந்தது. தட்டை மேசையில் வைத்ததும் அப்படியே போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். மணி பன்னிரண்டு தாண்டவில்லை. மகள் வரும்போது நான் முன்னால் இருப்பேன்.

வீட்டுக்குள்ளால் நடந்து பந்தலுக்கு வந்தேன். ஆனால் மேசைவரை யாரும் என்னைப் போகவிடவில்லை. தட்டைக் கண்டதும் இரண்டு பக்கமும் கை நீண்டது. முகத்தைப் பார்க்காமலே ஒவ்வொருவரும் ஒரு பழம் எடுத்தார்கள். இன்னொரு வீட்டில் கூட்ட நேரம் இருக்குமா என்று கேட்ட பெரியவரும் ஒன்று எடுத்தார். அவருக்குப் பக்கத்தில் அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது.

அப்போது கேட்டுப் பக்கம் மகளின் குரல். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். "அப்பா வரவே இல்லையே டொக்டர்" என்றார் நோனா. மகள் கதிரையைப் பார்த்தாள். நாலு வயதில், ஒரு நாள் தோட்டத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக் காம்பராவிலிருந்து நான் அவளைக் கூட்டிவரப் பிந்தியபோது, அந்த வாசலில் இதே முகத்தோடுதான் நின்றாள். பைக்குள் கை விட்டுப் போனை எடுத்தாள்.

என் சட்டைப்பையில் நாதஸ்வரம் ஒலித்தது.

போன் அடிப்பது எனக்குக் கேட்பதில்லை என்று அவளேதான் சத்தத்தைக் கூட்டிவைத்திருந்தாள். தட்டில் இரண்டு கையும். நிறுத்த வழியில்லை. கல்யாண வீடு மாதிரி பந்தல் முழுக்கக் கேட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய சாரத்தை நான் இறக்கிவிடவில்லை என்பதும், சட்டையெல்லாம் தேங்காய்ப்பூ என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மகள் போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். அந்த நேரத்தில் அவள் யாரோ போல வேறு பக்கம் திரும்பியிருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்காது. திரும்பிவிடமாட்டாளா என்றுகூட நினைத்தேன்.

அவள் நேரே வந்தாள். என் கையிலிருந்த தட்டை வாங்கி நோனாவின் கையில் கொடுத்தாள். "இவர்தான் எங்கள் அப்பா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சிங்களத்தில் சொன்னாள்.

"ஆனே!" என்றார் நோனா. "எங்கள் தேங்காய் முழுவதையும் இவர்தானே துருவினார்!"

பின்னால் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். பெரியவர் பாதி உரித்த வாழைப்பழத்தைத் தின்பதா வைப்பதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சாரத்தை இறக்கிவிட்டு அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று கடைசிவரை தெரியவில்லை.

சத்தம் கேட்டுச் சமையல்கார அம்மா வாசல்வரை வந்துவிட்டார். காண வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதைத்தான் கண்டார். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். "குடிங்கய்யா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று வெறுங்காலோடுதான் வீட்டுக்கு வந்தேன். மகள் கை கழுவிவிட்டு வந்து, "வேலை செஞ்சது பரவாயில்லப்பா. சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

மறுநாள் காலையில் சமையல்கார அம்மா எங்கள் கேட்டில் நின்றார். ஒரு பையில் என் செருப்பு.

"பின்வாசல்ல கெடந்துச்சுங்கய்யா."

"அண்ணேன்னே கூப்பிடுங்க," என்றேன். அந்த லேனுக்கு வந்து நானாக வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் அதுதான்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்களப் பத்தியே ஒங்ககிட்ட பேச வச்சிட்டு, தேங்கா துருவிக்கிட்டு இருந்தீங்களே. என்னையப் பாத்தா எப்பிடித் தெரிஞ்சிச்சு?" பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். முகம் தெரியாத இவ்வளவு பேர் என்ன நினைப்பார்களோ என்று பயந்த நான், இவர் என்ன நினைப்பார் என்று யோசிக்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்து நோனா வீட்டில் இன்னொரு தானம். இந்த முறை முன்வாசல் படியில், மற்றவர்களின் செருப்புகளோடு என் செருப்பையும் கழற்றிவைத்தேன். பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டேன். பின்பக்கத்திலிருந்து தேங்காய் துருவும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நடுநடுவே நின்றது. சமையல்கார அம்மா அடுப்பைப் பார்க்க எழும்பிப் போகிறார், உதவிக்கு ஆள் வரவில்லை என்று தெரிந்தது. என் கால் இரண்டும் பந்தலுக்குள் நிலைகொள்ளவில்லை. மகள் பெண்கள் பக்கத்திலிருந்து இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். நான் கதிரையிலேயே இருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் சமையல்கார அம்மா வேர்வையோடு சொதிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஊற்றும்போது சற்றுக் குனிந்தார்.

"இன்னைக்கு முப்பது தேங்காண்ணே," என்றார் மெதுவாக.

நான் எழும்பப் பார்த்தேன். "உக்காருங்க" என்று கண்ணாலேயே அதட்டிவிட்டு, அடுத்த தட்டுக்குப் போனார்.