பங்கர் கதவுக்கு வெளியே செய்த ஜெபம்

2016ஆம் ஆண்டு மார்கழியில் எங்கள் மலைக்கு மழையும் வரவில்லை, பனியும் வரவில்லை. கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் முடிந்த பிறகும் சரிவெல்லாம் காய்ந்த புல்லாகவே கிடந்தது. நடந்தால் காலடியில் இலைகள் தூளாகும். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. இரவில் காற்று ஊளையிடும்போதெல்லாம் எழும்பி யன்னலால் காட்டைப் பார்ப்பேன்.

நான் றெஜினா. சுவிற்சர்லாந்தின் தெற்கே, இத்தாலியன் பேசும் திச்சினோவில் ஒரு சிறிய மலைக்கிராமத்தில் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. கணவருக்கு சூரிச்சில் உணவகச் சமையலறையில் வேலை. விடுமுறை நாளில்தான் வீட்டுக்கு வருவார். கிராமத்தின் மேல் பகுதியில் ஒரே கட்டடத்தில் நாங்கள் நான்கு தமிழ்க் குடும்பங்கள். எங்களுக்கு ஊற்றுத் தண்ணீர்தான். அந்த மாதம் ஊற்று மெலிந்து மெலிந்து, ஒரு நாள் குழாயில் காற்று மட்டும் வந்தது. பகலில் கார் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். வேலை முடிந்து வரும்போது கீழ்க் கிராமத்தில் தண்ணீர்க் கான்களை நிரப்பிக்கொண்டு வந்து நான்கு வீட்டுக்கும் ஏற்றி வைப்பேன். முதுகு முறிந்துவிடும். ஆனாலும் எல்லோருக்கும் ஒரே வசனம்தான் சொல்லுவேன்: "பயப்படாதேங்கோ, கர்த்தர் பார்த்துக்கொள்ளுவார்." உண்மையில் அதிகமாகப் பயந்தவள் நான்தான். அதை ஒருவருக்கும் காட்டியதில்லை.

புதுவருடத்துக்குச் சில நாள் முன்னம், ஒரு மத்தியானம், மேல் காட்டில் தீ பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று தெரியாது. வடக்கிலிருந்து வந்த வறண்ட காற்று அதைக் கீழே தள்ளியது. நான் தண்ணீரோடு வந்து இறங்கும்போது சூரியன் செம்மஞ்சளாக இருந்தது. தலைக்கு மேலே ஹெலிகொப்டர்கள் தண்ணீர் வாளிகளைத் தொங்கவிட்டபடி போய்வந்துகொண்டிருந்தன. தீயணைப்பு வண்டி ஒலிபெருக்கியில் எல்லோரையும் கீழ்க் கிராமத்துப் பாடசாலைக்குப் போகச் சொன்னது.

இரண்டு குடும்பங்கள் ஏற்கெனவே இறங்கிவிட்டன. கௌரியைக் காணவில்லை.

கௌரி இலங்கையின் வன்னியிலிருந்து வந்தவள். 2009இல் கடைசிச் சண்டையில் தன் மூத்த மகனை இழந்தவள். அவள் கணவர் வேலையில் இருந்தார். வீட்டில் அவளும் மூன்று வயது மகள் இனியாவும்தான். ஹெலிச் சத்தத்துக்குப் பயந்து அவள் ஒளிந்திருப்பாள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. இந்த நாட்டில் பழைய கட்டடங்களுக்குக் கீழே யுத்த காலத்துக்கென்று கட்டிய காப்பறை இருக்கும். எங்கள் பிள்ளைகள் அதை பங்கர் என்றுதான் சொல்லுவார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். தடித்த கொங்கிறீற் கதவு உள்ளே பூட்டியிருந்தது. உள்ளுக்குள் குழந்தை அழும் சத்தம்.

தீயணைப்பு வீரர் ஒருவர் பின்னால் வந்தார். காற்றுக் குழாய் வழியாகப் புகை உள்ளே இறங்கும் என்றார். அந்தக் கதவை உடைக்க நேரம் போதாது, எப்படியாவது அவளைத் திறக்கவையுங்கள் என்று இத்தாலியனில் சொன்னார்.

நான் கதவில் தட்டினேன். "கௌரி, றெஜினா அக்கா. கதவைத் திற."

"ஹெலி போகட்டும் அக்கா. பிறகு வாறன்."

"அது தண்ணி ஊத்துற ஹெலி. கீழ போனா பயமில்லை. பாதுகாப்பான இடம்."

அவள் அமைதியாகச் சொன்னாள்: "வன்னியிலையும் பாதுகாப்பான இடமெண்டுதான் சொன்னவங்கள்."

நான் தொண்ணூற்றிரண்டிலேயே இங்கே வந்துவிட்டவள். அவள் பட்டதை நான் படவில்லை. அவளுக்கு உறுதி சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? குழந்தை இருமத் தொடங்கியது. நான் அந்தச் சீமெந்துத் தரையில் முழங்காலில் நின்றேன். வேதவசனம் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. "ஆண்டவரே, என்னட்ட ஒண்டும் இல்லை. நீங்களே ஏதாவது சொல்லுங்கோ" என்று மட்டும் அழுதேன்.

வாயைத் திறந்தேன். வந்தது நான் நினைத்த வார்த்தை இல்லை.

"கௌரி, எனக்குச் சரியான பயமா இருக்கு. கை நடுங்குது, கார் ஓட ஏலுமோ தெரியேல்லை. தனியப் போக என்னால ஏலாது. எனக்குத் துணைக்கு வாறியோ?"

நான் அதை ஒரு தந்திரமாகச் சொல்லவில்லை. அத்தனையும் உண்மை.

உள்ளே இரும்புப் பிடி அசைந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. கௌரியின் முகம் வெளுத்திருந்தது. அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு இனியாவை ஒரு கையால் இடுப்பில் தூக்கி, மற்றக் கையால் என்னைப் பிடித்தாள். "வாங்கோ அக்கா" என்றாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, சகோதரங்களே. அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பாதை முழுக்கப் புகை. ஹெலிகொப்டர் மேலே வந்த ஒவ்வொரு தடவையும் அவள் குழந்தையின் தலையை மூடிக் குனிந்தாள். நான் ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்து, இயேசுவே, இயேசுவே என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். கடைசி வளைவு தாண்டிப் பாடசாலை தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பொழுது சாய்கிற நேரம் காற்று விழுந்தது. தீ எங்கள் கட்டடத்துக்கு மேலிருந்த மரங்களோடு நின்றது. காற்று தன்பாட்டில்தான் நின்றது என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. அந்தக் கதவு தன்பாட்டில் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பாடசாலை மண்டபத்தில் படுக்கைகளுக்கு நடுவே கௌரி முதல் தடவையாகத் தன் மகனின் பெயரை எனக்குச் சொன்னாள். ஐந்து வருடம் அருகருகே இருந்தும் நான் அதைக் கேட்டதில்லை.

தை மாதத்தில் பனி கொட்டியது. ஊற்று திரும்ப வர இன்னும் பல வாரம் எடுத்தது. அதுவரை தண்ணீர் கொண்டுவரும் வேலையைக் கௌரியும் நானும் சேர்ந்து செய்தோம். அவள் இன்றைக்கும் கோயிலுக்குப் போகிறவள்தான். எங்கள் ஜெபக்கூட்டத்துக்கும் சில வேளை திருநீற்றோடு வந்து கடைசி வரிசையில் இருப்பாள். நான் அவளை மாற்ற முயன்றதில்லை. மாறியது நான். இப்போதெல்லாம் யாருக்கும் அவசரப்பட்டு "பயப்படாதேங்கோ" என்று சொல்வதில்லை. முதலில் பக்கத்தில் இருக்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது வீசா முடிவுக்கோ, வைத்தியரின் பதிலுக்கோ காத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருக்கலாம். தைரியம் வந்த பிறகு ஜெபிப்போம் என்று இருந்துவிடாதீர்கள். நான் பயந்துபோய், வசனமும் மறந்துபோய்த்தான் கூப்பிட்டேன். அவர் கேட்டார். நீங்களும் நடுங்குகிற குரலிலேயே கூப்பிடுங்கள்.