வந்தாறுமூலையில் ஈ பார்த்துவிட்டுத் தன்னாமுனையில் இறங்கினேன்

சென்ற வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஈ பார்க்கப் போனேன். என் பேத்தி நிலாவுக்கு ஆறு வயது, படி ஏற மாட்டாள். இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்ததில் ஒரு மரபணு பழுதென்று தெரிந்தது. பழ ஈயிலும் அதே மரபணு உண்டாம். வந்தாறுமூலை ஆய்வுகூடத்தில் அதைப் படிக்கிறார்கள்.

எங்கள் டவுன் புளியந்தீவிலிருந்து பதினேழு கிலோமீற்றர். காலை 7.40 பஸ், தொண்ணூறு ரூபாய், ஐம்பது நிமிடம். வழியில் தன்னாமுனை வந்ததும் வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அங்கேதான் நாகம்மா இருக்கிறாள்: என் அண்ணன் மனைவி, என் மகளின் மாமியார். வயிற்றுப்பிள்ளையோடு என் மகள் கிரகணத்தில் வெளியே நின்றதால்தான் நிலா இப்படி என்று, பச்சைச் சீலை கட்டிக்கொண்டு பத்துப் பேர் முன்னால் சொன்னவள். நாலு வருடமாக அவளோடு பேச்சில்லை. டவுனிலிருக்கும் மகளோ அதை நம்பி இன்றைக்கும் அழுகிறாள். அது உண்மையா என்று கேட்கத்தான் போனேன்.

வெறுங்கையோடு போவதா என்று ஒரு சீப்பு கதலி கொண்டுபோனேன். வாசலிலேயே வாங்கி வெளியே வைத்துவிட்டார்கள். பழத்துக்கு வருகிற வெளி ஈ உள்ளே போய்க் கலந்துவிடுமாம்.

உள்ளே கண்ணாடிக் குழாய்கள், அடியில் சோளமாக் கூழ். படிக்கிற பிள்ளை ஒருத்தி குழாயைச் சிறு மெத்தையில் தட்டி ஈக்களை அடியில் விழுத்தினாள். நல்ல ஈக்கள் மளமளவென்று மேலே ஏறின. மரபணு பழுதானவை அடியிலேயே கிடந்தன, நிலா படியடியில் நிற்பதுபோல. அந்த மரபணுவை முழுதாக எடுத்துவிட்டால் ஈ முட்டையிலேயே செத்துவிடுமாம். மூன்றாவது குழாயில், பழுதான ஈக்குள் மனிதரின் நல்ல மரபணுவை வைத்திருந்தார்கள். அவை ஏறின. ஈயைப் பார்த்து அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"மருந்துக்கு இன்னும் கன காலம் போகும் அம்மம்மா. ஆனா எங்க தேடணும் எண்டு இப்ப தெரியும்," என்றாள் அந்தப் பிள்ளை.

கிரகணத்தைப் பற்றிக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அது இல்ல. தாயிட்ட ஒண்டு, தகப்பனிட்ட ஒண்டு, ரெண்டு பழுதும் சேர்ந்தாத்தான் வரும். அவங்க சொந்தமா?"

சொந்தந்தான். முறை மச்சானை விட்டுவிடக் கூடாதென்று மூன்று நாள் அண்ணன் வீட்டில் நின்று கலியாணத்தை முடித்துவைத்தவள் நான். வேண்டாம் என்றவள் நாகம்மா. பழுது என் தாய் தகப்பன் வழியாக எனக்கும் அண்ணனுக்கும் வந்திருக்கும். அவளிடமிருந்து அல்ல.

திரும்பும்போது தன்னாமுனையில் மணியடித்தேன். டவுனுக்கெல்லோ டிக்கட் என்றார் கொண்டக்டர்.

நாகம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன். "கிரகணம் எண்டது என்ர பிழைதான் மச்சாள்," என்றாள். மறுகா அவளே, "முறை எண்டு நிண்டது உன்ர பிழை."

"ஓம்கா."

"ஈ ஏறினதா?"

"ஏறினது."

"பொறு, கையைக் கழுவிற்று வாறன். உன்ர புள்ளைக்கு நானே சொல்லணும்."

போகிறவர்களுக்கு: முன்பே கேட்டு நாள் வாங்குங்கள். பிள்ளையின் இரத்தப் பரிசோதனைத் தாளை மறக்க வேண்டாம். பழம் கொண்டுபோகாதீர்கள். தன்னாமுனையிலிருந்து டவுனுக்கு மாலை 3.15க்கு ஒரு பஸ் இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் இருக்க இடம் கிடைத்தது.