கறுப்புத் திரைக்கு டார்ச் அடித்த வேன் அக்கா

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவரை எல்லோரும் வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்த தலைமையாசிரியைகூட அப்படித்தான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மாலை மணி அடிக்கும்வரை அவருக்கு வேலை இல்லை. விளையாட்டு மைதானத்துப் பின்பக்கம் நிழல் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்மேல் அட்டையை வைத்துப் படம் வரைவார். ஜன்னலில் மூக்கை நசுக்கிக்கொண்டு வரும் பையன், ஏறியதும் தூங்கி இறங்கும்போது அழும் சிறுமி என்று அவர் படங்களில் இருப்பதெல்லாம் அந்த வேன் பிள்ளைகள்தான்.

இதைப் பார்த்த நாத்தனார், புது லேப்டாப் வாங்கியதும் தன் பழையதையும், கூடவே திரையில் படம் வரைவதற்கான பேனாப் பலகையையும் கொண்டுவந்து கொடுத்தாள். லேப்டாப் திறப்பதற்குள் சாப்பிட்டுக் கை கழுவிவிடலாம். பேனாவால் கோடு இழுத்தால், இழுத்து முடித்த பிறகுதான் கோடு ஆடி அசைந்து வந்து சேரும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கணவர் பார்த்துவிட்டு, "பழைய இரும்புக்குப் போட்டா எடையாவது நிக்கும்" என்றார்.

பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்தான் வழி சொன்னார். "விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போட்டுப் பாருங்கக்கா. லேசா இருக்கும், பழைய மெஷினும் ஓடும்." ஒரு பென் டிரைவில் அதை ஏற்றியும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அக்கா உட்கார்ந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, அடுத்தது, அடுத்தது என்று அழுத்திக்கொண்டே போனார். எல்லாம் முடிந்தது, பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி துவக்கு என்றது. துவக்கினார். திரை கும்மிருட்டாகிவிட்டது.

"இருந்ததும் போச்சா?" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அந்த நேரம் பார்த்து லேப்டாப் 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டது. அக்காவுக்குப் பொறி தட்டியது. "எஞ்சின் ஓடுது. ஹெட்லைட்தான் எரியல" என்றபடி எழுந்துபோய், வேனுக்கு அடியில் பார்க்க வைத்திருந்த டார்ச்சை எடுத்துவந்து திரையில் சாய்வாக அடித்தார். உள்ளே மங்கலாக ஒரு மலையும் சில சின்னப் படங்களும் தெரிந்தன. படம் இருக்கிறது, பின்னால் விளக்குதான் இல்லை.

ஆசிரியருக்குப் போன் போட்டார். "கிராஃபிக்ஸ் டிரைவர் பிரச்சினைக்கா" என்றார் அவர்.

"டிரைவருக்கு ஒரு பிரச்சினையும் இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன்."

ஆசிரியர் சிரித்து முடித்துவிட்டு, திரையை ஓட்டும் மென்பொருளுக்கும் டிரைவர் என்றுதான் பெயர் என்று விளக்கி, துவங்கும்போது வரும் பட்டியலில் 'நோமோட்செட்' என்ற ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்ததும் திரை பளிச்சென்று வந்தது. ஆனால் எல்லாம் பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. அக்கா ஒரு வட்டம் வரைந்தார். முட்டை வந்தது. மூக்கு நசுங்கிய பையனை வரைந்தார். அவன் பூசணிக்காயாகிவிட்டான். "கிராஃபிக்ஸ் சிப்பை எழுப்பாமலே ஓட்டறோம்கா, அதான். சரியான டிரைவர் போடணும்" என்றார் ஆசிரியர். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை.

அக்கா இணையத்தில் தேடினார். யாரோ ஒருவர் எப்போதோ எழுதியதை நம்பி, இருப்பதிலேயே புது டிரைவரைப் போட்டார். இந்த முறை டார்ச் அடித்தும் ஒன்றும் தெரியவில்லை. 'டிங்'கும் இல்லை. அக்கா கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஏதோ ஓடிக்கொண்டிருந்ததை நாமே கெடுத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

மாலையில் வந்த நாத்தனார், "விட்டுடுங்க அண்ணி. போனா போகுது" என்றாள்.

"உங்க அண்ணனக்கூட விட்டுடுவேன், இத விடமாட்டேன்."

"நான் இங்கதான் இருக்கேன்" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

நாத்தனாரின் போனை வாங்கி, லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் ஒரு தளத்தில் நடந்ததையெல்லாம் அக்கா எழுதினார். டார்ச் அடித்ததையும் விடவில்லை. 'ஆமை' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் மறுநாள் பதில் போட்டார். முதலில் சிப் எது என்று கேட்டார். அக்கா பழைய பில்லில் இருந்த மாடல் எண்ணைச் சொன்னதும், "உங்க சிப்பை அந்தப் புது டிரைவர் கைவிட்டு வருஷக்கணக்காச்சு. அதைக் கழட்டிடுங்க. லினக்ஸோட வந்த டிரைவரே போதும். அதுக்கு விளக்கு சுவிட்ச் எங்க இருக்குன்னுதான் தெரியல. அதை நாம சொல்லிடலாம். டார்ச் அடிச்சுப் பாத்ததுதான் நல்லதாப் போச்சு" என்று எழுதியிருந்தார்.

அன்று பள்ளி முடிந்து வந்ததும் அக்கா, நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வாசிக்க, பழுதுபார்க்கும் முறையில் லேப்டாப்பைத் திறந்து, எழுத்து மட்டும் தெரியும் அந்தக் கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாகத் தட்டினார். ஒரு இடத்தில் இடைவெளி விட மறந்ததால் லேப்டாப் முறைத்துக்கொண்டது. திருத்தினார். புது டிரைவர் கழன்றது. நோமோட்செட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆமை சொன்ன விளக்கு வரியைப் போட்டு மறுபடி துவக்கினார்.

திரை ஒரு தரம் இருண்டது. நாத்தனார் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்த மலை முழு வெளிச்சத்தோடு, இழுபடாமல், அதன் அளவிலேயே வந்து நின்றது. அக்கா பேனாவை எடுத்து வட்டம் போட்டார். கை போன வேகத்துக்கே கோடும் போனது, வட்டம் வட்டமாகவே வந்தது.

"அண்ணி, இவ்வளவு நல்லா ஓடும்னு தெரிஞ்சிருந்தா நான் குடுத்திருக்கவே மாட்டேன்" என்றாள் நாத்தனார்.

"அதான் தெரியாம குடுத்துட்டியே. போ, போய் டீ போடு."

இப்போதெல்லாம் மைதானத்துப் பின்பக்கம் வேன் நின்றால் உள்ளே லேப்டாப் திறந்திருக்கும். பள்ளி ஆண்டு மலரின் அட்டையில் வேன் பிள்ளைகள் அத்தனை பேரும் அக்கா வரைந்தபடி ஜன்னலுக்கு ஒருவராக எட்டிப் பார்க்கிறார்கள். தன் காது பெரிதாக இருக்கிறது என்று ஒருவன் மட்டும் இரண்டு நாள் பேசவில்லை.

போன வாரம் சாப்பிடும்போது கணவர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"கடைக் கம்ப்யூட்டரும் ரொம்ப நாளா முக்குது. முதலாளி கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"ஞாயித்துக்கிழமை நீ சும்மா இருப்பியான்னு."

அக்கா குழம்பை ஊற்றிக்கொண்டே, "சிப் எதுன்னு மொதல்ல பாத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார்.