மருதையாற்றங்கரையில் நான் நட்ட கற்கள்

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூர் டவுனை ஒட்டிப் போகும் நெடுஞ்சாலையை உயர்த்தி, அகலப்படுத்தினார்கள். அதற்கு மண் வேண்டும். மண் பக்கத்திலேயே இருந்தது, மருதையாற்றின் கரையாக. அது கரை என்பதை ஆபீசில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரைக்குப் பின்னால் என் மாமனாரின் வெங்காயக் கொல்லை இருந்ததால், நான் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

நான் அந்த ரோட்டு வேலையில் தற்காலிக சூப்பர்வைசர். நிரந்தரமாகிவிடும் என்று நம்பித்தான் பெண் கொடுத்திருந்தார்கள்.

"எதுலேர்ந்து எதுவரைக்கும் வெட்டணும்னு கரையில கல்லு நட்டு வச்சிடுய்யா. நாளைக்குக் காலையில லாரி வருது" என்றார் இன்ஜினியர்.

மத்தியானம் மாமனார் வீட்டில் சாப்பாடு. சேதி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

"ஏன் மாப்ள, கரைய வெட்டிட்டா ஆத்துத் தண்ணி எங்க போவும்?"

"ஆத்துலதான் மாமா போவும்."

"நம்ம கொல்லைக்கு வரும். வெங்காயத்தைக் கழுவிக் குடுத்துட்டுப் போவும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் மனைவி சிரிக்கவில்லை. எனக்கு ரசம் ஊற்றாமலே உள்ளே போய்விட்டாள்.

பயம் வந்தால் என் மூளை நின்றுவிடும், கை மட்டும் ஓடும். சாயங்காலம் போய்க் கல் நட்டேன். லாரிக்காரர்களுக்குத் தூரத்திலேயே தெரியட்டும் என்று சுண்ணாம்பு அடித்தேன். அப்போதும் கை நிற்கவில்லை. ஒவ்வொரு கல்லின் தலைப்பகுதியிலும் சிவப்புப் பெயிண்டால் வட்டமாக ஓர் அடையாளம் வைத்தேன். எத்தனை கல் என்று எண்ணவில்லை.

காலையில் நான் போனபோது லாரி ரோட்டோரமாகவே நின்றிருந்தது. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கற்களுக்கு முன்னால் அரளிப்பூ, எலுமிச்சம்பழம். களையெடுக்க வந்த பெண்கள் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எந்தக் கட்டையில போறவன் சார் இங்க வெட்டச் சொன்னது? ஏழு கன்னிமாரும் வரிசையா ஒக்காந்திருக்கு, கண்ணு தெரியல?" என்றார் டிரைவர்.

அப்போதுதான் எண்ணினேன். ஏழு.

"அய்யய்யோ, நேத்து நான் நட்ட கல்லுங்க இது!"

"நட்டது யாரா இருந்தா என்னா? ஆத்தா வந்து ஒக்காந்துட்டா" என்றாள் ஒருத்தி.

ஜீப் வந்தது. இன்ஜினியர் இறங்கிப் பார்த்தார். கூட்டத்தின் ஓரத்தில் மாமனார், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மிகப் பணிவாக நின்றார்.

"யோவ், இது நம்ம கல்லுதானே?"

ஆமாம் என்றால் கொல்லை போகும். இல்லை என்றால் வேலை போகும். யோசித்துச் சொல்லும் நிலையில் நான் இல்லை. வாய் தானாகச் சொன்னது:

"நேத்து வரைக்கும் நம்மளுதுதான் சார்."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து, "குன்னம் ரோட்டுல செம்மண் மேடு இருக்குல்ல, அங்க போய் வெட்டுங்க" என்றார். ஜீப்பில் கூட வந்திருந்த காண்ட்ராக்டர் டீசல் கணக்குச் சொல்லிப் புலம்பினார். ஆனால் அவரும் வெறுங்காலோடு நின்றுதான் புலம்பினார்.

ஐப்பசியில் ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. ரோடும் உடையாமல் நின்றது, கரையும் நின்றது. கொல்லையில் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. மாமனார் எனக்குத் தன் கையாலேயே ரசம் ஊற்றினார். பெருமையில் நான் இரண்டாவது முறை கையை ஏந்தியபோது, மெதுவாகக் கேட்டார்:

"கல்லு நட்டவங்க வூட்லேர்ந்துதான மாப்ள மொதப் பொங்கல் வைக்கணும்? ஊருல எல்லாரும் கேக்குறாங்க, எப்ப வச்சுக்கலாம்?"